இடது காலுக்கு மட்டும்

ஜனவரி 5

என் தம்பியைக் கட்டி மேய்க்கும் புண்ணியவதிக்கு அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் அவனும் எப்படி இருக்கிறீர்கள்?

இத்தனை காலம் போனில் காதைக் கடித்தவள் திடீரென்று பேனாவைத் தூக்கிவிட்டாளே என்று பார்க்கிறாயா? போன் கெட்டுவிட்டது. நீ பேசினால் எனக்குக் கேட்கும், நான் பேசினால் உனக்குக் கேட்காது. அப்படி ஒரு போனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ரிப்பேர் கடைக்காரன் இன்று நாளை என்று இழுத்தடிக்கிறான். அதுவரை கடிதம்தான்.

உன் புருஷனை ஆஸ்பத்திரியில் ஏதோ உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்திருப்பதாகச் சொன்னாயே, அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்பாவின் மெத்தைக் கடையில் நாங்கள் இரண்டு பேரும் பஞ்சு அடித்த காலத்திலேயே, கோலை என் கையில் கொடுத்துவிட்டு மூட்டைமேல் ஏறிப் படுத்துக்கொள்கிறவன் அவன். அப்புறம் லாரி ஓட்டப் போனான், பீடி பிடித்தான். நுரையீரலில் நாட்பட்ட நோய் என்று டாக்டர் சொன்ன அன்றே, ‘நல்லா அனுபவி’ என்று சொன்னவள் நான். அது போகட்டும். நடந்தாலே இரைக்கிறவனைப் பிடித்துப் பயிற்சி செய்யச் சொல்கிறார்களே, இது என்ன வைத்தியம்?

எனக்கு ஒன்று செய். அங்கே என்ன செய்யச் சொல்கிறார்கள், எப்படிச் செய்யச் சொல்கிறார்கள், எப்போது நிறுத்தச் சொல்கிறார்கள், ஒன்று விடாமல் எழுது. உங்களை யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறேன்.

மெத்தைக்கடை அக்கா


ஜனவரி 16

அக்காவுக்கு வணக்கம். நாங்கள் நன்றாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் ‘சுகம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள். எனக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

அந்த அறை ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், துணி வெளுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கஞ்சி போட்ட துணியின் சூட்டு வாசம் எப்போதும் வரும். உள்ளே நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள், சின்னச் சின்ன மணல் பைகள், சுவரோரம் நாற்காலிகள். பயிற்சி கொடுக்கிறவள் சின்னப் பெண். உங்கள் தம்பி அவளுக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார். முதல் நாள் பயிற்சியே இல்லை, வெறும் விசாரணைதான். எந்த வேலை செய்தால் இரைக்கிறது, குளிக்கும்போதா, சட்டை போடும்போதா, எதற்குப் பயம், எதில் ஆசை என்று துருவித் துருவிக் கேட்டாள். கடைசியாக, “இந்தப் பயிற்சி முடிஞ்சதும் உங்களால என்ன செய்ய முடியணும்?” என்றாள். இவர் சொன்னதைக் கேளுங்கள். “முடிவெட்டற கடைவரைக்கும் நடந்து போகணும். அங்க உக்காந்து ஓசிப் பேப்பர் படிக்கணும்.” எனக்கு மானம் போயிற்று. அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

பிறகு ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கிற ஒரு கிளிப்பை விரலில் மாட்டி, வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் பயிற்சி. இவருக்கு சைக்கிள். கூட வரும் தபால்காரருக்கு நடை. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவருக்கு, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குவது. மூன்று பேருக்கும் ஒரே நோய்தான் அக்கா! “ஏன்மா ஆளுக்கொண்ணு?” என்று கேட்டேன். “நோய் ஒண்ணுதான், ஆள் வேற வேறயாச்சே” என்றாள். அங்கே தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தால் புரியவே இல்லை.

இதைவிடக் குழப்பம் ஒன்று. மூச்சு வாங்கினால் நல்லதாம். “வாங்கட்டும்மா, பயப்படாதீங்க. ஆனா நடுவுல ரெண்டு வார்த்தை பேச முடியணும், அதான் அளவு” என்கிறாள். இத்தனை வருஷமாக இவர் இரைத்தால் நான் உட்காரவைத்து விசிறிக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் நான்தான் இவரைக் கெடுத்தேனா? இரைப்பு அதிகமானால் உதட்டைக் குவித்து, எதிரே ஒரு மெழுகுவர்த்தி இருப்பதாக நினைத்து, சுடர் ஆடலாம் ஆனால் அணையக் கூடாது என்கிற மாதிரி மெதுவாக ஊத வேண்டுமாம்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி மனைவி


ஜனவரி 28

தங்கச்சிக்கு, கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம், ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி யாரென்றால், கடையில் மெத்தைக்கு உறை தைக்கிறவள். என் வயதுதான். சின்ன வயதிலிருந்து பஞ்சிலேயே கிடந்தவள். பீடி சிகரெட் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அவளுக்குக் கொஞ்ச காலமாக மூச்சு இரைக்கிறது. உன் புருஷனுக்குச் சொன்ன அதே நோயின் பெயரை இங்கே டாக்டர் அவளுக்கும் சொல்லி, உறிஞ்சுகிற மருந்தைக் கையில் கொடுத்திருக்கிறார். பயிற்சி வகுப்புக்கும் போகச் சொன்னாராம். போகமாட்டாள், வீம்புக்காரி. நாலு பேர் முன்னால் இரைத்துக்கொண்டு நிற்க அவளுக்கு வெட்கம். ஆகவே நீ எழுதுவதை வாசித்துக்காட்டி, கடையிலேயே செய்யவைக்கலாம் என்று பார்க்கிறேன்.

அவளுக்காகக் கேட்கிறேன். மணல் பையை எங்கே கட்டுகிறார்கள்? உட்கார்ந்தா, நின்றா? சாப்பிட்ட உடனே செய்யலாமா? சைக்கிள் இல்லாதவர்கள் என்ன செய்வது, படி ஏறினால் ஆகுமா? இருமி முடித்தபின் விலா வலிக்கிறதே, அது எதனால்? காலையில் எழுந்ததும் உதடு ஒரு மாதிரி நீலம் பூத்தாற்போல் இருக்குமா அவனுக்கு?

உன் புருஷனிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். ஊர் வம்பு என்பான்.

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு வணக்கங்கள். நாங்கள் நலம். உங்களுக்கு இருமல் ஏதும் இல்லையே? போன வருஷம் போனில் பேசும்போது இருமிக்கொண்டே இருந்தீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பரீட்சை எழுதுகிற மாதிரி ஆகிவிட்டது. உறை தைக்கிற அம்மாவைப் பற்றி இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டாள். “வேண்டவே வேண்டாம்மா. இவருக்குன்னு நான் போட்டது இவருக்குத்தான். அவங்களை நடக்கவச்சுப் பார்க்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சிலருக்கு நடக்கும்போது ரத்தத்துல ஆக்சிஜன் கடகடன்னு இறங்கும், அவங்களுக்கே தெரியாது. உதடு நீலமா இருக்குன்னா உடனே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க” என்றாள். அக்கா, தயவுசெய்து அந்த அம்மாவை அனுப்பிவையுங்கள்.

ஆனாலும் நீங்கள் கேட்டு நான் எழுதாமல் இருப்பது எப்படி? எழுதுவதா வேண்டாமா என்று பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். மணல் பையைக் கணுக்காலுக்கு மேலே கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிச் சற்று நிறுத்தி இறக்க வேண்டும். இடது காலுக்கு மட்டும். சைக்கிளிலும் இடது காலால்தான் மிதிக்கிறார், வலது காலை ஒரு முக்காலியில் வைத்துக்கொள்கிறார். சாப்பிட்ட உடனே கூடாது. படி ஏறுவது பற்றிக் கேட்டால் அதற்கும் “ஆளைப் பார்க்கணும்” என்கிறாள்.

ஒரு சந்தேகம். விலா வலிக்கிறது, உதடு நீலம் என்று இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருக்கிறீர்களே, அந்த அம்மா உங்களிடம் அவ்வளவு மனம்விட்டுப் பேசுவார்களா?

தம்பி மனைவி


பிப்ரவரி 23

கேள்விமேல் கேள்வி கேட்கும் தங்கச்சிக்கு ஆசிகள். நான் கல்லுக்குண்டாக இருக்கிறேன். நீங்கள்?

உறைக்காரி பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். மணலுக்கு எங்கே போவது, உறைத்துணியில் பை தைத்து அரிசியைப் போட்டுக் கட்டிக்கொண்டாள். டாக்டரிடம் அப்புறம் போவாள். உன் இன்ஸ்பெக்டர் படித்த பெண், பயப்படுத்துவது அவள் தொழில். அதே பஞ்சு, அதே தூசி, அதே நோய், அதே மருந்து. பயிற்சி மட்டும் எப்படி வேறாகும்? ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு

(இங்கே ஒரு வரி அடித்திருக்கிறேன், பேனா மக்கர் செய்கிறது.)

ஆனால் இந்த இடது கால் விஷயம்தான் பிடிபடவில்லை. இதயம் இடது பக்கம் இருப்பதாலா? அவளுக்கு இடது தொடை கல் மாதிரி இறுகிவிட்டது. வலது கால் சும்மா கிடக்கிறது, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி. வலது காலின் முறை எப்போது வரும் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டு எழுது. அது தெரியாமல் அவள் மேற்கொண்டு போகமாட்டாள்.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு வணக்கம். நாங்கள் நலம்தான். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

இடது கால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது இன்ஸ்பெக்டரின் கணக்கு, அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இடது முடிந்தபிறகு வலது வரும் போலிருக்கிறது. இதைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது.

உங்கள் தம்பிக்குப் பயிற்சியைக் கூட்டியிருக்கிறாள். வேகமாகக் கொஞ்சம் மிதி, நிறுத்தி மூச்சு வாங்கு, மறுபடி வேகமாக மிதி. ஒரே சீராகப் போனால் இவர் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறாராம், விட்டுவிட்டுச் செய்தால் அதிகம் தாங்குகிறாராம். அது என்னவோ உண்மைதான். முந்தாநாள் தெருமுனைவரை நடந்தார். திரும்பி வந்து, ‘பார்த்தியா’ என்பதுபோல என்னைப் பார்த்தார். பேசத்தான் மூச்சு இல்லை. எனக்குச் சந்தோஷப்படுவதா விசிறி எடுப்பதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

அந்த அம்மாவின் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்களா? இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

தம்பி மனைவி


ஏப்ரல் 11

அக்காவுக்கு, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எப்படி இருக்கிறீர்கள்?

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கெட்டுப்போன போன்தானே என்று தெரிந்தும் அடித்துப் பார்த்தேன். மணி போகிறது, யாரும் எடுப்பதில்லை. உங்களுக்கு என்மேல் கோபமா? நான் எழுதியதில் ஏதாவது தப்பா?

தப்பு இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடது கால் விஷயம் நுரையீரலுக்காக இல்லை அக்கா. பயிற்சியில் சேருவதற்கு முன்னால் இவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் வீங்கி, நொண்டி நொண்டித்தான் நடந்தார். “அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே, பஸ் ஏறி வந்து திட்டுவா” என்றார். நானும் மறைத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் அந்த முழங்காலைப் பார்த்துத்தான் அது தேறும்வரை இடது காலுக்கு மட்டும் கொடுத்தாள். நல்ல காலை வைத்திருக்கிற மனுஷிக்கு அதில் ஒரு நியாயமும் இல்லை. நீங்கள் நேருக்கு நேராகக் கேட்டபோதும் மழுப்பி எழுதினேன். அதை எழுதிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த அம்மாவை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு வரி எழுதுங்கள், திட்டியாவது எழுதுங்கள்.

தம்பி மனைவி


ஏப்ரல் 18

மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம். நீங்களும் ஐயாவும் நலமாக இருக்க வேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. நான் இந்தக் கடையில் உறை தைக்கிறவள்.

உங்கள் கடிதத்தை இன்று நான் பிரித்துப் படித்துவிட்டேன், மன்னிக்கவும். பழையவற்றையும் படித்தேன். எனக்கு மூச்சிரைப்பு என்று எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் இல்லை அம்மா. இந்த வயதிலும் உறைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றி வருகிறேன். பஞ்சு அடிக்கிற கொட்டகைக்குள் நான் போவதே இல்லை, என் தையல் மெஷின் வாசலில் இருக்கிறது. உள்ளே நிற்பது எப்போதும் அக்காதான்.

அக்கா கடைக்கு மேலே இருக்கிற தன் வீட்டுப் படியில் பயிற்சி செய்தார்கள். வேகமாகக் கொஞ்சம் ஏறுவது, நிற்பது, மறுபடி ஏறுவது. ஒவ்வொரு படியிலும் இடது காலைத்தான் முதலில் வைத்து, வலது காலை இழுத்துக்கொள்வார்கள். “என்னக்கா இது, நொண்டியாட்டம்?” என்று கேட்டேன். “இது சயின்ஸ், உனக்குப் புரியாது” என்றார்கள். போன மாதம் ஒருநாள் பாதிப் படியில் உட்கார்ந்தார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை. உதடும் நகமும் கருநீலமாக இருந்தன. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். இப்போது கடைக்கு வந்துவிட்டார்கள். உங்களுக்கு எழுதக் கூடாது, உங்கள் போன் வந்தாலும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. உத்தரவை மீறித்தான் எழுதுகிறேன்.

போன் கெடவில்லை அம்மா. நான் அதில்தான் தினமும் என் மகளோடு பேசுகிறேன். அக்காவால் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச முடியவில்லை. நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயம்.

பணிவுடன்
உறை தைக்கிறவள்


ஏப்ரல் 22

அக்கா,

நலமா என்று கேட்கமாட்டேன். தெரிந்துவிட்டது. நான் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே ஞாபகம் இல்லை, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

பீடி பிடித்தவன் நான். இரைக்க வேண்டியவன் நான். உனக்கு எப்படி வந்தது? இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். “பஞ்சுத் தூசி போதும் சார், பீடி வேணும்னு கட்டாயம் இல்ல” என்கிறாள். அப்பாவின் கொட்டகையில் உன்னிடம் கோலைக் கொடுத்துவிட்டு மூட்டைமேல் படுத்தது நினைவுக்கு வருகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை அக்கா. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இவள்மேல் கோபப்பட்டேன். இவள் பாத்திரத்தைப் போட்டு உடைத்தாள்.

என் மூக்குக் கண்ணாடியை நீ மாட்டிக்கொண்டால் உனக்கு எழுத்து தெரியுமா? என் பயிற்சியை எடுத்துச் செய்யும்போது மட்டும் ஏன் உனக்கு அறிவு போயிற்று?

உன் ஊர் பெரிய ஆஸ்பத்திரியிலும் இந்தப் பயிற்சி கொடுக்கிற பையன் ஒருவன் இருக்கிறானாம். இன்ஸ்பெக்டருடன் படித்தவனாம். அவனிடம் பேசிவிட்டாள். நீ போகிறாய். போகவில்லை என்றால் நான் பஸ் ஏறி வந்து உன் கடை வாசலில் உட்கார்ந்து, இரைத்து இரைத்து ஊரைக் கூட்டுவேன்.

உன் தம்பி


மே 8

தம்பிக்கும் தங்கச்சிக்கும் அக்கா எழுதுவது. நான் நலமாக இல்லை. இப்படி ஒரு வரியை எழுதி எனக்குப் பழக்கமில்லை, கை கூசுகிறது.

தங்கச்சி, நீ சோற்றைத் தள்ளிவைக்காதே. நீ மறைத்தது ஒரு முழங்கால். நான் மறைத்தது முழு ஆளை. பொய் சொன்னால் என்னைப்போல நெஞ்சழுத்தத்தோடு சொல்ல வேண்டும், உனக்கு அது வராது.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். அவனை எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்! பீடி குடித்தாய், அதனால் வந்தது, அனுபவி என்று. அந்த நோய் என் வீட்டுக்கே வந்து நின்றபோது, யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. நான் ஒரு தப்பும் செய்யவில்லையே. தப்பு செய்யாமலே வருமென்றால், அவனைத் திட்டியதற்கு என்ன அர்த்தம்? இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அந்தப் பையனிடம் போனேன். சாதுவான பிள்ளை. விரலில் கிளிப் மாட்டி நடக்கவிட்டான். எனக்கு நன்றாகத்தான் இருந்தது, நடந்துகொண்டே இருந்தேன். “போதும்மா, உக்காருங்க” என்று அவன்தான் நிறுத்தினான். உன் இன்ஸ்பெக்டர் சொன்னது நிஜம். உள்ளே கடகடவென்று இறங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. இனிமேல் மூக்கில் குழாய் வைத்துக்கொண்டுதான் பயிற்சி. வேகம் கிடையாது. கைக்குத்தான் முதலில், ஏனென்றால் எனக்குக் கையைத் தூக்கினாலே இரைக்கிறது. என் தம்பிக்குச் சொன்னதில் ஒன்றுகூட எனக்கு இல்லை. பஞ்சுக் கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கட்டளை. உறைக்காரிதான் இப்போது அதிகாரம் செய்கிறாள், என்னைக் கொட்டகை வாசலைத் தாண்டி விடுவதில்லை.

ஒரு குழப்பம். அந்தப் பிள்ளையும் அதே கேள்வியைக் கேட்டான். “பயிற்சி முடிஞ்சதும் உங்களால என்ன செய்ய முடியணும்?” யோசித்துப் பார்க்கிறேன், இப்படி என்னை யாரும் கேட்டதாக ஞாபகமே இல்லை. “அடுத்த தடவை சொல்லுங்க, அதை வச்சுத்தான் உங்களுக்கு மேற்கொண்டு போடணும்” என்று அனுப்பிவிட்டான். தங்கச்சி, நீ என்னை இத்தனை காலமாகப் பார்க்கிறவள். எனக்கு என்ன வேண்டும்? சொல்லேன்.

அக்கா


மே 16

அக்காவுக்கு, உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் உங்கள் தம்பியும் அழுதோம். இப்போது பரவாயில்லை. நீங்கள் நேரத்துக்கு மருந்தை உறிஞ்சுகிறீர்களா?

உங்களுக்கு என்ன வேண்டும் என்று இங்கே பெரிய பட்டிமன்றம் நடந்தது. “பஞ்சு வியாபாரியோட நின்னு சண்டை போடணும், அதான் அவளுக்கு வேணும்” என்றார் இவர். கடையில் மறுபடி உங்கள் கை ஓங்க வேண்டும் என்றேன் நான். இல்லை, இரட்டை மெத்தையை ஒற்றை ஆளாகப் புரட்ட வேண்டும் என்றார். சொல்லச் சொல்ல எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இதெல்லாம் நாங்கள் உங்களைப் பார்த்தது. உங்களுக்கு என்ன பிடிக்கும், எதற்கு ஏங்குகிறீர்கள் என்று ஒன்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை அக்கா. இவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நீங்களேதான் சொல்ல வேண்டும்.

இவருக்கு இப்போது முழங்கால் தேறிவிட்டது. இரண்டு காலாலும் மிதிக்கிறார். பஸ் படி ஏற முடிகிறது. அடுத்த மாதம் நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். வேண்டாம் என்று எழுதாதீர்கள்.

தம்பி மனைவி


மே 29

தங்கச்சிக்கும் தம்பிக்கும். இன்று கொஞ்சம் தேவலை. நாளைக்கு எப்படியோ தெரியாது. நீங்கள் இருவரும்?

உங்கள் பட்டிமன்றத்தைப் படித்துச் சிரித்து, சிரித்ததில் இருமி, இருமியதில் உறைக்காரியிடம் திட்டு வாங்கினேன். நீங்கள் சொன்னது எதுவும் இல்லை.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான். “கடையைப் பார்த்துக்கணும்” என்றேன். “அது கடைக்கும்மா. உங்களுக்கு?” என்றான். “தம்பி நல்லா இருக்கணும்.” “அது தம்பிக்கு.” எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னப்பா உனக்கு வேணும் என்று கத்தப் போனேன், கத்த மூச்சு இல்லை. அவன் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் அதுவாகவே வாயிலிருந்து வந்துவிட்டது.

“என் கட்டில்ல படுத்துத் தூங்கணும்.”

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. போன மழைக்காலத்திலிருந்து நான் படுத்துத் தூங்கவில்லை. மாடிக்கு ஏற முடியவில்லை. எப்போதாவது ஏறிப் போய்ப் படுத்தாலும், மல்லாந்ததும் யாரோ நெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், எழுந்துவிடுவேன். கடையில் ஒரு மர நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்தபடியே, மேஜைமேல் தலையைச் சாய்த்துத் தூங்குகிறேன். சுற்றிலும் கூரைவரைக்கும் மெத்தை அடுக்கியிருக்கிறது. காலையில் உறைக்காரி வருவதற்குள் போர்வையை மடித்து ஒளித்துவைத்துவிடுவேன். அவளுக்கும் தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. பாவம் என்றும் பார்க்கவில்லை. படி எவ்வளவு உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, கட்டில் எந்தச் சுவரோரம் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டான். “சரிம்மா, இதுக்குத்தான் இனிமே எல்லாம்” என்றான். ஒருக்களித்துச் சாய்ந்தபடி மூச்சு விடுவதற்கு அன்றே சொல்லிக்கொடுத்தான். படி அப்புறமாம். டாக்டரிடமும் பேசுகிறேன் என்றான். எனக்கு அழுகை வந்து, அழுதால் இரைக்குமே என்று பயந்து, உதட்டைக் குவித்து ஊதி ஊதி அழுதேன். பார்க்கச் சகிக்காது.

எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாது. முடியுமா என்றுகூட அவன் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனாலும் நீங்கள் வாருங்கள். மேலே வீடு பூட்டியே கிடக்கிறது, தூசி மண்டியிருக்கும், எனக்கு அது ஆகாது. தங்கச்சி, நீ முதலில் மேலே போய்க் கூட்டிப் பெருக்கி, என் கட்டிலில் ஒரு துவைத்த விரிப்பைப் போட்டுவை. தம்பி கீழே என்னோடு நிற்கட்டும். அவனும் இரைப்பான், நானும் இரைப்பேன். அந்தப் பிள்ளை படியேறலாம் என்று சொல்கிற அன்றைக்கு, நாங்கள் நின்று நின்று ஏறி வருகிறோம்.

அக்கா